காவிரி குடிக்கும் பாலாற்று மாடு

பங்குனி மாதம், விடியற்காலை ஐந்தேகால். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, மின்னூரைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் இறங்கும் மண்பாதையில் அந்தத் தோப்பு. கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த அக்கா, தலையைத் திருப்பாமலே, "உக்காருங்க சார். பால்காரர் வர்றதுக்குள்ள ரெண்டாவது மாட்டையும் முடிச்சுடறேன்" என்றார். மூத்த மகள் சாணி அள்ளிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஷூ கம்பெனி பஸ் முக்குரோட்டுக்கு ஏழு மணிக்கு வந்துவிடும்.

ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு ஜெர்சிக் கலப்புப் பசு, ஒரு கன்று, பதினாறு வெள்ளாடு. அக்காவின் மாமனார் காலத்தில் இதே மண்ணில் நெல் விளைந்ததாம். கிணற்றில் உப்பு ஏற ஏற நெல் கருகியது. உப்பை ஓரளவு தாங்குவது தென்னைதான் என்று தென்னைக்கு மாறினார்கள். காய் சிறுத்துப் போனாலும் மரம் நிற்கிறது.

கறவை முடிந்ததும் தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். பசு முகர்ந்தது, மூக்கைச் சிலிர்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாய் நானும் குடித்துப் பார்த்தேன். முதலில் உப்பு, விழுங்கிய பிறகு அடிநாக்கில் கசப்பு. அக்கா நீல டிரம்மிலிருந்து பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை மொண்டு பாதிக்குப் பாதி கலந்து, மேலே இரண்டு கை தவிடு தூவினார். இப்போது உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஏமாத்தித்தான் குடிக்க வைக்கணும்" என்றார். ஒரு லிட்டர் பால் சுரக்க நாலைந்து லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். பசு குடிக்காத நாளில் பால் குறைவது கறக்கும் கைக்கு உடனே தெரிந்துவிடும். அந்தக் குழாயில் வருவது மேட்டூரிலிருந்து குழாய் வழியாகக் கொண்டுவரப்படும் காவிரி. கூப்பிடு தூரத்தில் பாலாறு மணலாகக் கிடக்கிறது.

2021 கார்த்திகையில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை இவர்கள் திருவிழாவைப் போலச் சொல்கிறார்கள். கரையோரத்துக்குச் சேதம்தான், ஆனால் கிணறு இனித்ததாம். "மாடு ஏமாத்தாமலே குடிச்சுது சார்." அந்த இனிப்பு நிலைக்கவில்லை.

வீட்டுக்காரர் முப்பது வருஷம் தோல் ஷாப்பில் ரகம் பிரித்தவர். இப்போது ஆடுகள் அவர் பொறுப்பு. ஒரு கிடாவை முழங்காலுக்கிடையில் நிறுத்தி, உள்ளங்கையை மயிருக்கு எதிராக வாலிலிருந்து கழுத்துவரை மெதுவாக ஓட்டினார். விலாவில் விரல் நின்றது. "இது வேலிமுள்ளுக் கீறல். இப்ப மயிர் மூடிக்கும். சுண்ணாம்புல போட்டு மயிர் போச்சுன்னா கோடு தெரிஞ்சுடும்." இன்னும் கொஞ்சம் மேலே ஓர் உண்ணி, திருகி எடுத்துச் சாம்பலில் போட்டார். உண்ணி கடித்த இடம் புள்ளியாக நிற்குமாம், அம்மை குழியாக நிற்குமாம். எந்த ஆடு எப்படி வளர்ந்தது என்பதைத் தோலில் படித்துப் பழகிய கை அது. ஆட்டைப் பிடிக்க வருபவர்கள் தோலுக்கென்று தனிக் காசு தருவதில்லை. பின்னே எதற்கு இவ்வளவு பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "கை சும்மா இருக்கமாட்டேங்குது" என்றார்.

ஆடுகளின் கணக்கு அக்காவிடம். "வைகாசியில பக்ரீத்துன்னா போன சித்திரைக்குள்ள குட்டி பொறந்திருக்கணும். அதுக்குக் கார்த்திகையில சினை புடிச்சிருக்கணும்." குர்பானிக்கு ஆடு ஒரு வயது முடித்திருக்க வேண்டும், கொம்பு முறிவோ கண் பழுதோ கால் ஊனமோ கூடாது. பிறைக் கணக்கில் பண்டிகை வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால் இனச்சேர்க்கையையும் கூடவே நகர்த்துகிறார். அடைமழை பிடிப்பதற்குள் ஆடுகளுக்குத் துள்ளுமாரிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடுகளுக்குக் கோமாரிக்கும் ஊசி. ஒரு நோட்டுகூடக் கிடையாது, எல்லாம் நினைவில்.

கிணற்றின் உப்பு எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார். உரித்த தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுவார்கள். தொட்டியில் ஊறவைக்கும்போது அத்தனை உப்பும் கழுவிய நீரில் இறங்கும். மற்ற அழுக்கைப் பிரித்தாலும் கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு பிரிக்காது. அது நெடுங்காலம் ஓடைக்கும் ஆற்றுக்கும் போனது. "நானும் அந்தத் தொட்டியில நின்னவன்தான் சார்."

மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இந்தத் தோல் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்டில். பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேராத இழப்பீட்டைக் கொடுத்துமுடியுங்கள் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல். அதற்குள் எத்தனை தலைமுறைக் கன்றுகள் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை. இந்தக் குடும்பத்தின் கூலியும் அதே தோலிலிருந்துதான் வந்தது, இன்றும் மகள் வழியாக வருகிறது. அதைக் காட்டி இவர்களுடைய நஷ்டத்தைச் சிறிதாக்குவது நியாயமே இல்லை.

பஸ் ஹாரன் கேட்டது. மகள் டிபன் டப்பாவோடு ஓடினாள். பாதி வழியில் நின்று, தெருக்குழாயைப் பார்த்து, "யம்மா, தண்ணி வந்துடுச்சு!" என்று கத்திவிட்டு மறுபடி ஓடினாள். அக்கா பால் கேனை அப்படியே வைத்தார், வீட்டுக்காரர் கிடாவை விட்டுவிட்டு எழுந்தார். நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டேன். முதல் குடம் நீல டிரம்மில் விழுந்தது.