மேல் பிளக் முதலில்

வண்டியின் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்சியலுக்கு ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை. கீழே ஒரு பிளக், பழைய ஆயிலை வடிக்க. மேலே ஒரு பிளக், புது ஆயில் ஊற்ற. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், மேல் பிளக் கழல மறுத்த ஒரு வண்டியின் அடியில் நின்றிருக்க மாட்டார்கள். திருச்சி அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் நான் நின்றேன்.

தஞ்சாவூர் சாலையை ஒட்டிய அரியமங்கலத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, லாரி ஷெட் என்று இரும்புச் சத்தம் ஓயாத பகுதி. திருச்சிக்கு இரும்பு பழகியது நேற்று இன்றல்ல. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தது. 1960களில் பெல் கொதிகலன் ஆலை வந்தது. 1975இல் அதன் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. இவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளால், இங்கே வெல்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை. குரல் கொடுத்தால் போதும். அந்த வசதியின் அருமை எனக்குப் பிற்பகலில்தான் புரிந்தது.

வந்து நின்ற வண்டி, யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம் என்று சுற்றும் ஒரு வேன். வளைவில் பின்பக்கம் முனகுகிறது என்றார் டிரைவர். டிஃபரன்சியல் என்ன வேலை செய்கிறது என்று நான் கேட்டதும், பட்டறை மேஸ்திரி கோயில் தேரையே உதாரணம் காட்டினார்.

“சித்திரைத் தேர் வீதி முனையில திரும்புறதைப் பார்த்திருக்கீங்கல்ல? வெளிப்பக்கச் சக்கரம் ரொம்ப தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் நகர்ந்தாப் போதும். தேரை வடம் இழுக்குது, சக்கரம் அதுபாட்டுக்கு உருளுது. முட்டுக்கட்டை போட்டுத் திருப்பிடலாம். வண்டியில ஒரே என்ஜின் ரெண்டு சக்கரத்தையும் தள்ளுது சார். தள்ளவும் வேணும், ஒண்ணு வேகமா ஒண்ணு மெதுவா ஓடவும் விடணும்.”

அந்த இரட்டை வேலையைச் செய்வதுதான் பின் அச்சின் நடுவே பானை வயிறு போல உப்பியிருக்கும் ஹவுசிங்குக்குள் உள்ள பல்சக்கரக் கூட்டம். பிரான்சின் பெக்கூர் 1820களில் நீராவி வண்டிக்காக இதைப் பதிவு செய்தார். என்ஜினிலிருந்து வரும் தண்டின் முனையில் பினியன் என்ற சிறு பல்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. 1920களின் நடுவில் வந்த ஹைபாய்டு அமைப்பில் பினியன், கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே உட்காரும். அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு சறுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைச் சாதாரண எண்ணெய் தாங்காது. கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து கலந்த ஜி.எல்.-5 ரக கியர் ஆயில் வேண்டும். ஹவுசிங்கைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அழுகிய வாடை அந்தக் கந்தகத்துடையது. பட்டறையில் இதை ‘தொண்ணூறு ஆயில்’ என்கிறார்கள்.

வேனைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். பள்ளத்தில் முதலில் இறங்கிய பையன் ஸ்பேனரைக் கீழ் பிளக்கில் மாட்டினான். மேலேயிருந்து மேஸ்திரி ஒரு அதட்டல் போட்டார்.

“டேய், மேல தொறக்காம கீழ கை வைக்காதே! கீழ வடிச்சிட்டு மேல வரலைன்னா எங்கடா ஊத்துவே? வண்டி இங்கயேதான் கிடக்கும்.”

இந்தத் தொழிலின் முதல் பாடம் இதுதான். பழைய ஆயில் எவ்வளவு கெட்டிருந்தாலும் அது உள்ளே இருக்கும்வரை வண்டி ஓடும். வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் போனால் வண்டியை நகர்த்த முடியாது. ஹவுசிங்கில் காற்று போக இருக்கும் மூச்சுக்குழாய் ஓட்டை வழியாகவோ ஆக்சில் தண்டை உருவிவிட்டோ ஊற்றலாம்தான். இரண்டும் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

கம்பி பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்ததும் மேல் பிளக்கின் முகம் தெரிந்தது. ஆறு பட்டையில் பாதி மழுங்கியிருந்தது. ஓரத்தில் உளி பட்ட தழும்பு. முன்பு எங்கோ யாரோ பன்னிரண்டு பட்டை சாக்கெட்டைப் போட்டு, நீளப் பைப் மாட்டி இறுக்கியிருக்கிறார்கள் என்றார் மேஸ்திரி. பன்னிரண்டு பட்டை சாக்கெட் முனைகளை மட்டுமே பிடிக்கும், முனை தேயும். ஆறு பட்டை சாக்கெட் பக்கங்களைப் பிடிக்கும். அவர் பெட்டியில் பெரிய அளவுகளில் ஆறு பட்டை மட்டும்தான் இருந்தது.

பிளக் பிடித்துக்கொள்ளக் காரணம் மூன்று. ஒன்று துரு: மழைத் தண்ணீரும் சேறும் மரையின் இடுக்கில் புகுந்து இரும்பை உப்ப வைக்கின்றன. இரண்டு, மரையின் வடிவம்: சில பிளக்குகளின் மரை நுனிக்குப் போகப் போகக் குறுகும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆப்பு போல இறுகும். மூன்று, மனிதக் கை: ஆயில் ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் இறுக்குவது. “துருவைக்கூடச் சமாளிச்சிடலாம் சார், பயந்தாங்கொள்ளி இறுக்கினதைத்தான் கழட்ட முடியாது.”

துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து பிளக்கின் தலையில் நேராகச் சுத்தியலால் தட்டினார்கள். திருப்புவதற்காக அல்ல, அந்த அதிர்ச்சியில் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு சாக்கெட்டைத் தட்டி உட்காரவைத்து, கழற்றும் பக்கம் போகாமல் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைக்கப் பார்த்தார் மேஸ்திரி. எந்தப் பக்கமாவது அசைந்தால் துருவின் பிடி உடைந்துவிடும். அசையவில்லை.

அடுத்து சூடு. கேஸ் டார்ச்சின் தீ பிளக்கைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள ஹவுசிங்கில் வட்டமடித்தது. 25 மில்லிமீட்டர் ஓட்டை 100 டிகிரி கூடினால் ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியைவிட மெல்லிய இந்த இடைவெளி பல நேரம் போதுமானது. இந்த பிளக்குக்குப் போதவில்லை. சாக்கெட் வழுக்கியது; மிச்சமிருந்த பட்டையும் போனது.

“அண்ணே!” என்று பையன் குரல் கொடுத்ததும் பக்கத்துப் பட்டறை வெல்டர் வந்தார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். எர்த் கிளிப்பைச் சேசிஸில் மாட்டப்போன பையனைத் தடுத்து, பிளக்குக்குப் பக்கத்தில் ஹவுசிங்கிலேயே மாட்டினார். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளைப் பொரித்துவிடும். பிளக்கின் தலைமேல் ஒரு பெரிய நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் ராடை இறக்கி, உள்ளிருந்து வெளியே நிரப்பினார். உள்ளே ஆயில் இருக்கிறதே என்று சிறு சிறு பற்றாக வைத்தார். பக்கத்தில் மணல் வாளி. வெல்டிங்கின் சூடு இப்போது பிளக்குக்குள்ளேயே இறங்கியிருந்தது. பிடிக்கப் புத்தம் புது ஆறு பட்டையும் கிடைத்துவிட்டது.

சிவப்பு அடங்கக் காத்திருந்தார்கள். மேஸ்திரி ரிங் ஸ்பேனரை மாட்டி, உடம்பின் பாரத்தை மெல்லச் சாய்த்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். உடைந்ததா, கழன்றதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. உடனே முழுதாகச் சுற்றவில்லை. கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே, சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டால் ஹவுசிங்கின் மரை கிழியும். பிளக் கடைச் சாமான், ஹவுசிங் அப்படியல்ல.

பிளக் கைக்கு வந்த பிறகுதான் கீழ் பிளக் திறந்தது. அதன் காந்த முனையில் கண்மை போல ஒட்டியிருந்த இரும்புத்தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். தூள் என்றால் வழக்கமான தேய்மானம். நகத்தில் நெருடும் சில்லு என்றால் பல் உடைகிறது என்று பொருள். சில்லு இல்லை. முனகலுக்குக் காரணம் ஆயிலின் வயசுதான் என்று தீர்ப்புச் சொன்னார். மூச்சுக்குழாயில் அடைத்திருந்த மண்ணையும் எடுத்தார். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகக் கசிந்து பிரேக் லைனிங்கை நனைக்கும். கீழ் பிளக்கை மூடி, கை பம்பால் புது ஆயில் ஏற்றினார்கள். மேல் ஓட்டையின் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தினார்கள். அதுதான் அளவு, தனியாக அளவுகோல் கிடையாது. புது பிளக், புது செம்பு வாஷர். இறுக்கும்போது பைப் மாட்டவில்லை.

பில் போடும் நேரத்தில் சங்கடம் வந்தது. ஆயில், பிளக், வாஷர் ஆகியவற்றுக்கு டிரைவர் பேசாமல் பணம் எடுத்தார். பிளக்குக்காகப் போன மதியத்துக்குக் கூலி என்றதும், “ஒரு பிளக் கழட்டவா அண்ணே இவ்வளவு?” என்றார். மேஸ்திரி சண்டை போடவில்லை, பாதியாகக் குறைத்துக்கொண்டார். வெல்டருக்கு அதிலிருந்துதான் கொடுத்தார். ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகிறார்கள், பள்ளத்தில் இறங்க ஆள் குறைகிறது என்று பிறகு என்னிடம் சொன்னார். கண்ணில் துரு விழுந்து, முழங்கையில் சூடுபட்டு, பாதிக் கூலி வாங்கும் வேலைக்கு யார் வருவார்கள்?

வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல மூன்று விஷயம் இருக்கிறது. ஆயில் மாற்ற விடும்போது மேல் பிளக்கை முதலில் திறக்கச் சொல்லுங்கள். மூடும்போது புது வாஷர் போட்டு, அளவாக இறுக்கச் சொல்லுங்கள். பிளக் பிடித்துக்கொண்டு மதியம் முழுக்கப் போனால், அந்த மதியத்துக்கும் முழுக் கூலி கொடுங்கள். அரை மணி வேலை என்பது யாரோ முன்பு ஒழுங்காக வேலை செய்திருந்தால் மட்டுமே.