கொக்கு வருது... கேமரா ரெடியா?

அலாரத்தை விடிகாலை நாலரைக்கு வைங்க பாஸ். செமஸ்டர் பரீட்சைக்கே அந்த நேரத்துல எழுந்ததில்லையா? பரவாயில்லை, இன்னிக்கு ஒருநாள் மட்டும்! ஸ்வெட்டர், குல்லா, கேமரா, கூடவே எக்ஸ்ட்ரா பேட்டரி. குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துடும். நாம போகப்போறது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், நெசீடா வனவிலங்கு சரணாலயம். வருஷம் 2001, அக்டோபர் மாசம். ஆமா, கொஞ்சம் பின்னாடி போறோம். டிக்கெட் செலவு மிச்சம்!

சதுப்பு நிலம். மூக்கு நுனி மரத்துப்போற குளிர். தூரத்துல 'டர்ர்ர்...'னு ஒரு சத்தம். பெரிய பட்டத்துக்குக் கீழே மொபெட்டைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு குட்டி விமானம் மேலே ஏறுது. அதோட இறக்கையை ஒட்டி வரிசையா வர்ற பறவைகள்தான் நம்ம ஹீரோக்கள். பேரு ஹூப்பிங் கிரேன். கொக்கு குடும்பம்தான், ஆனா அஞ்சடி உயரம். இறக்கையை விரிச்சா ஏழடிக்கு மேல!

விமானத்துக்குப் பின்னாடி கொக்குக்கு என்ன வேலை? டியூஷன்! குளிர்காலத்துக்குத் தெற்கே போகிற வழி இந்தப் பறவைக்குப் பிறவியிலேயே தெரியாது. அப்பா அம்மா பின்னாலேயே பறந்து ஒரே ஒரு தடவை கத்துக்கணும். வேட்டையும், சதுப்பு நிலங்களை விழுங்கிய விவசாயமும் சேர்ந்து 1941-ல் இந்த இனத்தையே இருபது சொச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. அதில் வலசை போகிற ஒரே கூட்டம், கனடாவுக்கும் டெக்சாஸுக்கும் இடையே பறப்பது மட்டும்தான். ஒரு பெரிய புயல் அடித்தால் கதை முடிந்தது. அதனால் கிழக்கே இன்னொரு கூட்டத்தை உருவாக்கத் திட்டம் போட்டார்கள். குஞ்சு பொரிக்க வைக்கலாம், சரி. வழி சொல்ல யார் இருக்கா?

'ஆபரேஷன் மைக்ரேஷன்' என்ற அமைப்பின் பைலட்டுகள் "நாங்க இருக்கோம்"னு வந்தாங்க. முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சுகளுக்கு விமான எஞ்சின் சத்தத்தைப் போட்டுக் காட்டினாங்க. பொரித்த பிறகு பக்கத்துல போற எல்லாருக்கும் தலை முதல் கால் வரை மூடுகிற வெள்ளை அங்கி. கையில கொக்குத் தலை வைத்த பொம்மை, அதன் அலகாலதான் சாப்பாடு. முக்கியமான ரூல், யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது! மனுஷ முகத்தையும் குரலையும் 'அம்மா'ன்னு நம்பிட்டா, பறவை அப்புறம் ரோட்டுக்கும் துப்பாக்கிக்கும் பயப்படாது.

யோசிச்சுப் பாருங்க. மாசக்கணக்கா ஊட்டி வளர்க்கிறீங்க, ஆனா உங்க முகம் அதுக்குத் தெரியவே கூடாது. இப்படியும் ஒரு பாசம்!

எட்டுப் பறவைகளோட கிளம்பின முதல் பயணம், ஏழு மாநிலங்கள், சுமார் 1,950 கி.மீ. தாண்டி டிசம்பர் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் முடிந்தது. சேர்ந்தது ஏழு. வழியில் ஒரு புயல் இரவில் வேலியிலிருந்து வெளியேறிய ஒன்று மின்கம்பியில் மோதிச் செத்துப்போனது. குளிர்காலத்தில் இரண்டைக் காட்டுப்பூனைகள் பிடித்தன. மிச்சம் ஐந்து. 2002 வசந்தத்தில் அந்த ஐந்தும் விமானம் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், தானாகவே விஸ்கான்சினுக்குத் திரும்பி வந்தன! அரியர் எல்லாம் ஒரே அட்டெம்ப்ட்டில் கிளியர் ஆன சந்தோஷம் அது.

ஆனா கதை அதோட சுபம் போடலை. 2007 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் அடித்த புயலில், கூண்டுக்குள் இருந்த 18 இளம் பறவைகளில் 17 செத்துப்போயின. விமானத்தின் பின்னால் பறந்து வளர்ந்த ஒரு பெண் பறவை 2006-ல் காட்டிலேயே குஞ்சு பொரித்து வரலாறு படைத்தது. 2009-ல் இண்டியானாவில் அதைச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கின் முடிவில் அபராதம் எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர்! கோர்ட் செலவு தனி.

கடைசி விமானப் பயணம் 2016 ஜனவரியில் முடிந்தது. பறவைகள் வழியை நல்லாவே கத்துக்கிச்சு. ஆனா குஞ்சு வளர்க்கிறதில் சொதப்பியது. நெசீடாவில் கருப்பு ஈக்கள் மொய்க்க, முட்டையை விட்டுட்டே பல பறவைகள் எழுந்து போய்விடும். அங்கி போட்டவங்க வளர்த்ததால் பெற்றோர் பாடம் விட்டுப்போச்சோ என்ற சந்தேகமும் அரசுக்கு வந்தது. அதனால் நிறுத்திவிட்டார்கள்.

அப்ப எல்லாம் வேஸ்ட்டா? இல்லை. எட்டு வருஷத் தகவலை வைத்து 2013-ல் வந்த ஒரு ஆய்வு சொன்னது இது: வயதான பறவை ஒன்று கூட்டத்தில் இருந்தால், இளசுகள் நேர்வழியிலிருந்து விலகுவது சுமார் 38 சதவீதம் குறைகிறது. சீனியர் சொன்னா கேட்டுக்கங்கப்பா! விமானத்திடம் பாடம் படித்தவை, அடுத்த தலைமுறைக்கு வாத்தியார் ஆகிவிட்டன.

சரி, இப்ப நிஜமாவே போய்ப் பார்க்க முடியுமா? முடியும். மேல்படிப்புக்கோ வேலைக்கோ அந்தப் பக்கம் போனால் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, விஸ்கான்சின் பாராபூவில் உள்ள சர்வதேச கிரேன் அறக்கட்டளை. 1973-ல் தொடங்கியது. உலகின் 15 வகை கிரேன்களும் ஒரே இடத்தில்! குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், கவனம். இதன் நிறுவனர்களில் ஒருவரான ஜார்ஜ் ஆர்ச்சிபால்டு, மனிதனையே ஜோடியாக நினைத்துவிட்ட 'டெக்ஸ்' என்ற பறவை முட்டையிட வேண்டுமென்று அதனுடன் வருஷக்கணக்கில் டான்ஸ் ஆடியவர். 1982-ல் குஞ்சும் வந்தது. முகத்தை ஏன் மறைத்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

இரண்டு, அலபாமா மாநிலத்தின் வீலர் சரணாலயம். ஜனவரியில் போங்க. கண்ணாடி ஜன்னல் வைத்த இரண்டு மாடிக் கட்டிடம். வெளியே சாம்பல் நிற சாண்ட்ஹில் கிரேன்கள் ஆயிரக்கணக்கில் கத்திக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே சலவை செய்த சட்டை மாதிரி ஒரு சில வெள்ளை உருவங்கள் தெரிந்தால், அவைதான்!

இப்ப கேமராவை எடுங்க. 400 எம்.எம். லென்ஸ் இருந்தா நல்லது. வெள்ளைப் பறவை என்பதால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைங்க, இல்லாட்டி இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். திறந்த வெளியில் பார்த்தால் இருநூறு கஜத்துக்குள் நடந்து போகக்கூடாது. காரிலேயே இருப்பது உத்தமம். விசில், கைதட்டல், "ஏய் இங்க பாரு" எல்லாம் வேண்டாம். காலில் மாட்டிய கலர் வளையம் படத்தில் தெரிந்தால் அறக்கட்டளைக்குத் தகவல் கொடுங்கள், அது எந்தப் பறவை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் சரியான இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். ஒரு டாலர் கதை ஞாபகம் இருக்குல்ல?

இந்தக் கிழக்குக் கூட்டத்தில் இன்று இருப்பது நூறுக்கும் குறைவான பறவைகள். உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஃப்ரேம் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் இருக்கும். "என்னடா இது, பேப்பர் துண்டா?"ன்னு ரூம்மேட் கலாய்ப்பான். கலாய்க்கட்டும். அந்தப் புள்ளி கேமராப் பக்கம் திரும்பாமல் தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கிறதா? அங்கிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஊட்டி வளர்த்தவர்கள் ஆசைப்பட்டதும் அதுக்குத்தான்!