கடைசி இருக்கை

திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் முப்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு, சொந்த ஊராகிய கணியூருக்குத் திரும்பிய கணவன் மனைவி நாங்கள். எங்களுள் கணவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டது. கோவையில் அறுவை நடந்தது, உயிர் பிழைத்தது. ஆயினும் சிறுநீர்க் குழாயை எடுத்த அன்றே வேறொரு துன்பம் தொடங்கிற்று. எழுந்தாலும் இருமினாலும் நீர் கசிந்தது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். பேருந்துப் பயணத்தை நிறுத்தினோம். ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்து பழகிய நாங்கள் வாசலோரக் கடைசி இருக்கைக்கு மாறினோம்.

இயன்முறை மருத்துவரான இளம்பெண் ஒருவர் பொறுமையாக விளக்கினார். சிறுநீர் கசியாமல் காப்பவை இரண்டு மடைகள். சுரப்பியை அகற்றுகையில் மேல்மடையின் காவல் பெரிதும் போய்விடுகிறது. கீழ்மடை தனியே சுமை தாங்கப் பழக வேண்டும். அமராவதி வாய்க்காலைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு அது உடனே விளங்கிற்று.

சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசையை மேலிழுத்து, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, அதே அளவு தளர்த்த வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கலாகாது, தொடையை இறுக்கலாகாது. எழுமுன்னும் இருமுமுன்னும் அத்தசையை இறுக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும் என்றும் எச்சரித்தார்.

இப்பயிற்சியை 1948-இல் எழுதிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல், பிள்ளை பெற்ற பெண்களுக்காகவே அதை வகுத்தார் என்று அவர் சொன்னபோது, எங்களுள் மனைவி தலைகுனிந்தார். இரண்டாம் பேற்றுக்குப் பின் தும்மும்போதெல்லாம் தமக்கும் கசிவதாக, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அன்றுதான் வாய் திறந்தார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நாங்கள் அறிந்திருக்கவில்லை, கேட்டதுமில்லை.

அன்றுமுதல் மாலைச் செபமாலை முடிந்ததும் இருவருமாகவே பயிற்சி செய்தோம். ஆறாம் மாதத்தில் கணவருக்குக் கசிவு பெரிதும் குறைந்தது. மனைவிக்கும் தும்மல் அச்சம் தணிந்தது. பலருக்கு ஓராண்டுக்குள் குணம் தெரியும். தெரியாதவர்க்கு வேறு மருத்துவமும் உண்டு.

நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண், கூட்டத்தில் ஒளிந்தே வந்தாள்; உண்மை முழுவதையும் சொன்ன பின்னரே அமைதியோடு வழியனுப்பப்பட்டாள். உடலின் குறையைச் சொல்வது இழிவன்று என்பதை நாங்கள் முதுமையில்தான் கற்றோம்.

இப்போது மீண்டும் முன்வரிசையில் அமர்கிறோம். ஆனால் பூசை முடிந்ததும், வாசலோரம் தனித்து அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் சென்று சற்று நேரம் பேசிவிட்டே வீடு திரும்புகிறோம்.