ஊர் என்பது யார்? கொள்ளுகுடிப்பட்டி நாரைகளும் எங்கள் குட்டையும்

ஒவ்வொரு தீபாவளிக்கும் மறக்காமல் ஒரு செய்தி வரும். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் இந்த ஆண்டும் வெடி வெடிக்கவில்லை. கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. வனத்துறையினர் வந்து இனிப்பு கொடுத்தார்கள். ஒரு படம், நான்கு வரி. படித்துவிட்டு, பகிர்ந்துவிட்டு, அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

எங்கள் மாலைப் பள்ளிப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். காரைக்குடியில் பஸ் ஏறி, திருப்பத்தூரில் இறங்கி, மேலூர் சாலையில் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று பாசனக் கண்மாய்கள் சேர்ந்ததுதான் சரணாலயம். மொத்தப் பரப்பே 38.4 ஹெக்டேர். 1977 ஜூனில் அரசு அறிவித்தது. கருவேல மரங்கள் முழுக்க வெள்ளை வெள்ளையாக நத்தைகொத்தி நாரைகள், அரிவாள் மூக்கன்கள், கிளைக்குக் கிளை வக்கா. பாம்புத்தாரா ஒன்று தண்ணீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, நிஜமாகவே பாம்பு என்று நினைத்து ஒரு பொடியன் கரை மேல் ஏறி ஓடினான். கரண்டிவாயன் எங்கே எங்கே என்று கடைசி வரை தேடினோம். சிக்கவில்லை.

வெடி மட்டுமில்லை, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கியையும் அடக்கி வைப்பார்கள் என்று சொல்கிறார்கள். அரசு அறிவிப்பு வருவதற்கு முன்பிருந்தே ஊரில் இந்த வழக்கம் உண்டாம். இதற்குச் சட்டம் இல்லை, போலீஸ் இல்லை. ஊர் கூடிப் பேசியது, ஊர் கட்டுப்பட்டது. வேடந்தாங்கல் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே ஊர்மக்கள் பறவைகளைச் சுடவிடக் கூடாது என்று முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் 'கௌல்' என்ற எழுத்துப்பூர்வமான பாதுகாப்பு உரிமையையே வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் இருந்தது. கணக்கு இருந்தால் என்ன, நல்ல காரியம் நல்ல காரியம்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஊர்க் கட்டுப்பாடுன்னா நமக்கு எதிரா போடுறதுதானேக்கா? பறவைக்குக்கூடவா போடுவாங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

எங்கள் காதில் 'ஊர்க் கட்டுப்பாடு' என்ற சொல் விழுந்தால் முதுகுதான் முதலில் சிலிர்க்கும். காரணம் இருக்கிறது. 1930 டிசம்பரில், சிவகங்கையும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதி நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடு மாடுகள் பறிபோயின. இது போதாதென்று 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆதிதிராவிடர்கள் தங்கள் நிலத்தை மிராசுதார்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் அந்த நிலத்துக்குத் தண்ணீர் விட மாட்டோம் என்பது இன்னொன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தன் புத்தகத்தில் இந்தப் பட்டியலை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தத் தண்ணீர் விதியைப் பிள்ளைகளிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினோம். நிலம் பட்டாவில் நம் பேரில் இருக்கலாம், ஆனால் மடை அவர்கள் கையில் இருந்தது. கண்மாய் 'ஊருக்கு'ப் பொது. ஊர் என்பதில் சேரி சேராது. எங்கள் பேச்சு வழக்கிலேயே இது இருக்கிறது: "ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்" என்று சேரியிலிருந்து கிளம்புகிறவர் சொல்வார். பிறந்ததும் வளர்ந்ததும் அதே கிராமம், ஆனால் போக வேண்டிய இடம் ஊர்.

செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் ஊரணிகளைக் காட்டுவார்கள். செம்புராங்கல் படிக்கட்டு, வரத்துக்கால்வாய், பெரிய வீடுகளின் ஓட்டுக்கூரையில் விழும் மழை தெருவாய்க்கால் வழியே ஊரணிக்குப் போய்ச் சேரும் அழகு. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் சேர்ந்தபோது இந்த நீர்மேலாண்மையும் பெருமையாகப் பேசப்பட்டது. பெருமைதான், மறுக்கவில்லை. மழை குறைந்த சீமையில் இத்தனை ஊரணி வெட்டியது சாதாரண வேலையில்லை. வெட்டிய கைகள் யாருடையவை என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது என்பது வேறு விஷயம்.

எங்கள் கிராமத்திலும் அப்படி ஒரு ஊரணி உண்டு. பெயர் வேண்டாம். எங்கள் அப்பத்தாமார் அதன் படியில் கால் வைத்ததில்லை. குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, ஊற்றுகிறவர் வரும்வரை நிற்க வேண்டும். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் மத்தியானம் வரை. "வெயிலு கூடப் பரவாயில்ல, நின்னுக்கிட்டே இருக்கையில எல்லாரும் நம்மளத் தாண்டிப் போறாக பாரு, அதான்" என்று ஒரு அப்பத்தா சொன்னதை எங்கள் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். குழாய் வந்த பிறகு அந்த நிற்றல் நின்றது. இப்போது அதே ஊரணியைச் சுற்றி நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு, கம்பி வேலி, வண்ண விளக்கு. எங்கள் பையன்கள் போய் உட்கார்ந்தால் யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை. "எந்தத் தெருடா தம்பி?" என்று மட்டும் கேட்பார்கள். அது போதும், பையன்கள் எழுந்துவிடுவார்கள்.

இன்று சூழல் ஆர்வலர்களிடம் ஒரு பேச்சு பலமாக இருக்கிறது: நீர்நிலைகளைச் சமூகத்திடமே ஒப்படையுங்கள், அரசு கெடுத்துவிட்டது, முன்னோர் குடிமராமத்து செய்து காத்தார்கள். நமக்கும் அவர்களோடு நட்பு உண்டு, அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்தபோது நாமும் கூட நின்றோம். ஆனால் குடிமராமத்து என்ற சொல்லை நாம் அவ்வளவு இனிப்பாக விழுங்க முடியாது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் என்று ஒன்றே வந்தது. கரை உடைந்தால் கூப்பிட்ட ஆள் வந்து மண் சுமக்க வேண்டும். யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்? மடை திறந்தவர், வாய்க்கால் வெட்டியவர், இரவில் கரைக்குக் காவல் இருந்தவர் பெரும்பாலும் நம் ஆட்கள். மானுடவியலாளர் டேவிட் மோஸ் இந்தச் சிவகங்கை, இராமநாதபுரம் சீமையிலேயே தங்கி ஆராய்ந்து 2003-இல் ஒரு புத்தகம் எழுதினார். கண்மாய் என்பது ஒற்றுமையான கிராமம் தானாகக் கூடிக் காத்த சொத்து என்ற படத்தை அவர் ஏற்கவில்லை. ஜமீன் அதிகாரமும் சாதி மரியாதையும் கண்மாயோடு எப்படிப் பின்னிக் கிடந்தன என்று காட்டினார். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள் தோழர்களே.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி கொண்டு வந்தது. வேலை பாசன விவசாயிகள் சங்கத்துக்கு, செலவில் பத்து சதவீதம் அவர்கள் பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. சங்கத்தில் யார் இருப்பார்? ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். கண்மாயில் மாடு குளிப்பாட்டுகிறவர், கோரை அறுக்கிறவர், துணி துவைக்கிறவர், வற்றும்போது ஊத்தா போட்டு நாலு மீன் பிடிக்கிறவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. 1892-க்குப் பிறகு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமே கைமாறிப்போன பிறகு ஆயக்கட்டு நிலத்துக்கு நாம் எங்கே போவது? மீன்பாசி ஏலமும் அப்படித்தான். கண்மாய் மீன், கரை மரம், புளி ஏலம் எல்லாம் யார் கையெழுத்தில் போகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. சரணாலயத்துக்குப் போகிற அதே மேலூர்ச் சீமையில்தான் மேலவளவு இருக்கிறது. தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலைவர் நாற்காலி என்றால் கண்மாயும் சேர்ந்ததுதான் என்பது கொன்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சட்டம் நம் பக்கம் வந்து நூறு வருடம் ஆகிறது. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொண்டு வந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம் எதற்குள்ளும் எந்த வகுப்பாரும் போகலாம் என்றது. மகாடில் நகராட்சி சவ்தார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக அதே 1924-இல் தீர்மானம் போட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அள்ளிக் குடிக்கும்வரை தீர்மானம் காகிதத்தில்தான் இருந்தது. குடித்ததற்கு அடி விழுந்தது, குளத்துக்குத் 'தீட்டுக் கழித்தார்கள்', வழக்கு பத்து வருடம் இழுத்து 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் முடிந்தது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் பொது இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருப்பது சும்மா இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பொதுச்சொத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் வன்கொடுமை என்கிறது. ஆனால் "எந்தத் தெருடா தம்பி?" என்று கேட்பதை எந்தப் பிரிவில் எழுதிக் கொடுப்பது?

இனி எங்கள் குட்டை.

சேரிக்குத் தெற்கே, சுடுகாட்டுப் பாதையில் ஒரு குட்டை. ஊரணி எங்களுக்கு இல்லை என்பதால் எங்கள் ஆட்களே வெட்டியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சீமைக்கருவேல் மண்டி, குப்பை கொட்டி, தண்ணீர் இருக்கிறதே தெரியாமல் கிடந்தது. ஏழெட்டு வருடம் முன்பு மாலைப் பள்ளி இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கினோம். கருவேலை வேரோடு எடுக்கவே ஒரு கோடை போனது. வரத்துக்கால்வாயைத் தேடிக் கண்டுபிடித்தது பெண்கள்தான். மழை பெய்கையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வைத்திருந்தார்கள். கரையில் நாவல், மருது, புங்கன் வைத்தோம். இடிந்த வீடுகளின் கல்லைக் கொண்டு வந்து உட்காரப் போட்டோம். இரண்டாவது வருடமே மடையான் வந்துவிட்டது. ஏப்ரல் 14-க்கு முந்தின இரவு பிள்ளைகள் கரையில் தார்ப்பாய் விரித்துத் தங்குவார்கள். பெரியவர்கள் கதை சொல்வார்கள், யாராவது பறை அடிப்பார்கள், விடிந்ததும் கம்பங்கூழ். நகரத்துப் பிள்ளைகள் 'கேம்ப்' என்பார்களே, அதுதான். எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

இப்போது பிரச்சினை. குட்டை நன்றாக ஆனதும் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் சாயங்காலம் வருகிறார்கள், மரத்தடியில் உட்கார்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பையன்களில் பாதிப் பேர் வேலி போடச் சொல்கிறார்கள். "அவுக ஊரணியில நம்மள எந்தத் தெருன்னு கேட்டாகல்ல, நம்மளும் கேப்போம்ணே." இந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மூன்று கூட்டம் போட்டுப் பேசினோம். வேலி போட்டால் நாளை அதைக் காட்டியே "இது அவர்கள் குட்டை, அவர்களே வைத்துக்கொள்ளட்டும்" என்று ஊரணியை நிரந்தரமாகப் பிரித்துவிடுவார்கள் என்றார்கள் பெண்கள். அதுவும் நியாயம். திறந்தே விட்டால் மீன்பாசி ஏலத்தில் குட்டையும் சேர்ந்து போய்விடும், பிறகு கரையில் கால் வைக்க ஏலம் எடுத்தவனைக் கேட்க வேண்டும் என்றார் ஒரு பெரியவர். அதுவும் நடக்கக்கூடியதுதான். கொள்ளுகுடிப்பட்டியைப் பார்த்து வந்த பிள்ளைகள், யார் வந்தாலும் சத்தம் போடக் கூடாது, சாதி கேட்கக் கூடாது என்று நாமே ஒரு கட்டுப்பாடு போடலாம் என்றார்கள். சிரித்தோம். பிறகு அதைத்தான் எழுதினோம்.

வேலி இல்லை என்று முடிவாகியிருக்கிறது. அட்டையில் எழுதி மரத்தில் கட்டியிருக்கிறோம். மழையில் ஒரு முறை கரைந்து, திரும்ப எழுதினோம். குட்டையை ஏலப் பட்டியலில் சேர்க்கக் கூடாது, ஊரணிப் பூங்காவில் சாதி கேட்பவர் மேல் நடவடிக்கை வேண்டும் என்று இரண்டு தீர்மானங்களை மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில் வைக்கப் போகிறோம். மகாட் நாளுக்கு அடுத்த நாளுக்கு மறுநாள் அது. உங்கள் ஊரிலும் அன்று கிராமசபை உண்டு. போகுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் உங்கள் கண்மாய், ஊரணி, குட்டை என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சியில் போன மூன்று வருட மீன்பாசி ஏலக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே கையெழுத்துப் போடுங்கள், வெறும் தாளில் போடாதீர்கள்.

ஏப்ரல் 13 இரவு முகாமுக்கு வர நினைப்பவர்கள் வரலாம். போர்வை, தட்டு, டார்ச் நீங்களே கொண்டு வர வேண்டும். கொசு இருக்கும். மாடப்புறா மருதமரத்தில் கூடு வைத்திருக்கிறது, அதனால் இந்த முறை பறை குட்டைக்கு வடக்குக் கரையில்தான்.