பூக்குழியில் சொல்லாத பெயர்

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ படிச்சிருக்கீங்களா? 2013-இல் வந்த நாவல். டவுன்ல வளர்ந்த சரோஜாவைக் கல்யாணம் பண்ணி, குமரேசன் தன் ஊருக்குக் கூட்டிட்டு வர்றான். கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிடும்னு நம்புறான். ஊருக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்: அவ என்ன சாதி? நாவல் முழுக்க அந்தப் பெயர் வராது. படிக்கிற நாமதான் நமக்குத் தெரிஞ்ச பெயரைப் போட்டுக்கிறோம்.

என்னைத் தூங்கவிடாதவ மாராயி, குமரேசனோட அம்மா. புருஷன் இல்லாம ஒத்த ஆளா மகனை வளர்த்தவ. ஊர் ஒதுக்கிடும்ங்கிற பயமும் சேர்ந்துதான் அவ வாயில வசவா வருது.

எங்க வடக்குப்பட்டுப் பக்கம் கம்பெனி பஸ்ல பல மாவட்டத்துப் பிள்ளைங்க ஒண்ணா ஷிப்டுக்குப் போறாங்க. நேரடியா யாரும் சாதி கேக்குறதில்ல. “ஊர்ல எந்தத் தெரு?”ன்னு கேப்பாங்க. அடுத்த தடவை அந்தக் கேள்வி நம்ம வாயில வந்தா, சரோஜாவை நினைச்சுக்குவோம்.