ரெண்டு கோடு... நாலு கோடு!

பெரம்பலூர் பக்கம் வறண்டு கிடந்த ஒரு ஏரி. நடுவில், நாங்களே வெல்டிங் வெச்சு உருவாக்கின ஏ.டி.வி. அதாங்க, காடு மேடெல்லாம் ஏறுற நாலு சக்கர வண்டி! ஓட்டின நண்பன் பிரேக்கை ஒரே மிதி. முன்சக்கரம் ரெண்டும் கப்புனு பூட்டிக்கிச்சு. பின்சக்கரங்களோ 'நான் பாட்டுக்குப் போறேன்'னு உருண்டுச்சு. முன்சக்கரம் பூட்டிக்கிட்டா, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாதே... நேரா கருவேலம் புதர்தான்! ஹெல்மெட், பெல்ட் புண்ணியத்தில் பயலுக்குக் கீறலோடு போச்சு. மண்ணில் பார்த்தா ரெண்டே ரெண்டு கோடு.

எங்களுக்கு வேண்டியது நாலு கோடு. 2007-ல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் ஆரம்பித்த 'பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா' போட்டிதான் எங்க கனவு. அங்கே பிரேக் டெஸ்ட்டில் நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தேறாத வண்டிக்கு நாலு மணி நேர ரேஸில் இடமில்லை. ஒரு வருட உழைப்பு அம்பேல்!

ஆராய்ச்சி ஆரம்பம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின்னால் பாரம் குறையும். அப்படின்னா பின்சக்கரம்தானே சுலபமா பூட்டணும்? பிரேக் ஆயில் பார்த்தோம், சரியா இருந்துச்சு. கசிவு இல்லை. பேடு மாத்தினோம். பெடல் விசையைப் பின்பக்கம் கூட்டினா, முன்பிரேக்கும் டல்லடிச்சது. ஆயில் லைனில் காத்து இருக்கும்னு நாலு தடவை 'பிளீட்' பண்ணினோம். ஒரு குமிழிகூட வரலை. ஆனா, பெடல் மட்டும் பஞ்சு மாதிரியே அமுங்குது!

"அரியலூர்ல லாரி பட்டறைக்குப் போங்க தம்பி"ன்னார் குட்டி யானை டிரைவர். வண்டியை அதிலேயே ஏத்தினோம். சுமார் 30 கிலோமீட்டர்தான். பருத்தியும் மக்காச்சோளமும் விளையுற கரிசல் மண் கொஞ்சம் கொஞ்சமா பின்னால் போக, அரியலூரை நெருங்க நெருங்க மரத்து இலையெல்லாம் பவுடர் பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கு. எதிரே வரிசையா சுண்ணாம்புக்கல் லாரிகள். டைனோசர் காலத்தில் இந்த வட்டாரம் கடலடியாம் பாஸ்! நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் புதைபடிவம் இன்னமும் கிடைக்குது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் இப்போ சிமென்ட்டா மாறி ஊரூரா போகுது.

பட்டறை அண்ணன் பெடலைக் கையாலேயே நாலு தடவை அமுக்கினார். கெட்டியாச்சு. கொஞ்ச நேரம் விட்டு அமுக்கினார். மறுபடி பஞ்சு. "உள்ள காத்து இருக்கு" என்றார்.

"பிளீட் பண்ணிட்டோம்ணே..."

குனிந்து பின்சக்கர காலிப்பரைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "இடதை வலதுல, வலதை இடதுல மாட்டியிருக்கீங்க. பிளீட் நிப்பிள் தலைகீழா தொங்குது. மேலே நிக்கிற காத்து, கீழே இருக்கிற ஓட்டை வழியா எப்படித் தம்பி வெளியே வரும்?"

ஆறு செமஸ்டர் படிப்பும் அந்த நிமிஷம் தலைகுனிஞ்சு நின்னுச்சு. காலிப்பரை இடம் மாத்தி மாட்டினதும், குபுகுபுவென குமிழிகள்!

"லாரியில பிரேக் பிடிக்கிறதே காத்துதான். உங்க வண்டியில காத்து இருந்தா பிரேக் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றவர், ரோட்டைக் காட்டினார். ஒரு லாரி லோடோடு போக, பக்கத்திலேயே யூனிஃபார்மில் ரெண்டு பிள்ளைகள் சைக்கிளில். "உங்க வண்டி நிக்கலேன்னா ரேஸ் போகும். இது நிக்கலேன்னா..." முடிக்காமல் அடுத்த வண்டிக்குக் கீழே படுத்துவிட்டார்.

சாயங்காலம் மறுபடி அதே ஏரி. கீறல் வாங்கின அதே நண்பன். ஒரே மிதி. புழுதி அடங்கினதும் எல்லாரும் ஓடினோம், வண்டியைப் பார்க்க இல்லை, மண்ணைப் பார்க்க.

ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு!