முள் சொல்லும் சேதி

"மோட்டார் ரிப்பேர் சமாசாரத்தைப் பெண்களிடம் வந்து சொல்கிறாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா?" என்று நீங்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுங்கள். ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுவது பிக்கப் வேன் என்றால், அதன் கோளாறு முதலில் டிரைவருக்குத் தெரியலாம். கடைசியில் உறைப்பது வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிறவளுக்குத்தான்.

எங்கள் வேன் இரவில் கடலூர் முதுநகரில் மீன் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். தூரம் என்னவோ சுமார் 45 கிலோமீட்டர்தான். ஓட்டுகிறவர் என் கொழுந்தனார். ஒரு நாள் இரவு ஆலப்பாக்கம் தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் பிளந்துவிட்டது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவரும் உடனே ஓரம் கட்டினார். ஆனால் அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. ஹெட் காஸ்கெட் போயிற்று. ஐஸ் கரைந்து மீன் போயிற்று. பெண்ணின் காலேஜ் பீஸுக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் கூடவே போயிற்று.

சிவப்பு விளக்கின் சுபாவம் அது. எல்லை தாண்டும் வரையில் வாயைத் திறக்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறுவதை முன்கூட்டியே சொல்லுவது முள் வைத்த மீட்டர்தான். ஆகவே ஹீட் மீட்டர், ஆயில் மீட்டர், வோல்ட் மீட்டர் மூன்றும் வாங்கிப் பொருத்துவது என்று வீட்டில் தீர்மானமாயிற்று. இதற்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. வண்டி மீட்டருக்குப் பெயர்போன பிரிக்கால் கம்பெனி 1975-ல் நம் கோயமுத்தூரில் ஆரம்பித்ததுதானே!

வாங்குவது சுலபம், ஒயரிங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதலில் பொருத்திக் கொடுத்தவர் அரை மணியில் வேலையை முடித்துவிட்டார். அன்றிரவு பார்த்தால், மூன்று மீட்டரும் கல்யாணப் பந்தல் போல ஜகஜ்ஜோதியாய் எரிந்தன. "அண்ணி, கண்ணு கூசுது. ரோட்டில் ஆள் நிற்பதே தெரியவில்லை" என்றார் கொழுந்தனார். ஒரு வாரம் கழித்து ரப்பர் கருகுகிற வாடை வேறு.

சிதம்பரத்தில் வயதான பாய் ஒருவர் வண்டி எலெக்ட்ரிக் வேலையில் கைதேர்ந்தவர். அவரிடம் போனபோது நானும் கூடப் போனேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். டேஷ்போர்டைக் கழற்றியதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பேட்டரியிலிருந்து நேரே ஒரு ஒயர். நடுவில் பியூஸே கிடையாது. அதுவும் தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக வந்து, உராய்ந்து உராய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. "இன்னும் நாலு நாள் போயிருந்தால் வண்டியே எரிஞ்சிருக்கும்மா" என்றார்.

பிறகு அவர் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். மீட்டருக்கு மொத்தம் நாலு இணைப்பு. கரெண்ட் வருகிற ஒயரைச் சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற இடத்தில் இணைத்து, புறப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் வைத்தார். மீட்டர் குடிக்கிற கரெண்ட் சொற்பம். 3 அல்லது 5 ஆம்பியர் பியூஸே தாராளம். தகர ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டார். இரண்டாவது ஒயர் எஞ்சினில் இருக்கும் சென்சாருக்குப் போயிற்று.

மூன்றாவது எர்த். கடலூர்ப் பக்கத்து உப்புக் காற்றும் மீன் பெட்டியில் வடிகிற தண்ணீரும் இரும்பைச் சும்மா விடுமா? எர்த் கொடுத்த இடம் துருப்பிடித்தால் முள் தடுமாறும். விளக்கைப் போட்டதும் முள் இடம் மாறினால் எர்த் சரியில்லை என்று சந்தேகப்படலாமாம். பாய் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் ஒயரை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார்.

நாலாவது, மீட்டருக்குள் இருக்கும் விளக்கு. அதைப் பார்க் லைட்டோடு சேர்த்து, வெளிச்சத்தைக் குறைக்க ஒரு திருகும் வைத்தார். இருட்டுக்குப் பழகின கண் ஒரு பளிச்சென்ற வெளிச்சத்தில் அந்தப் பழக்கத்தை இழந்துவிடுகிறது. மறுபடி நன்றாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். முள் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தால் போதும்.

பலன் என்ன என்கிறீர்களா? ஐப்பசி மழையில் ஓர் இரவு, பரங்கிப்பேட்டை பிரிவு ரோட்டுக்கு வரும் சமயம், எப்போதும் 14-ஐ ஒட்டி நிற்கும் வோல்ட் முள் 12-க்கு இறங்கியது. கூடவே ஹீட் முள் மெல்ல ஏறியது. இரண்டும் சேர்ந்து கெடுவானேன்? எங்கள் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும், தண்ணீரைச் சுற்றவிடும் பம்பையும் ஒரே பெல்ட்தான் ஓட்டுகிறது. கொழுந்தனார் வண்டியை நிறுத்தி, சூடு ஆறின பின் பார்த்தார். பெல்ட் தளர்ந்திருந்தது. ஸ்பானரால் இறுக்கிக்கொண்டு கிளம்பினார். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. மீன் நேரத்துக்கு மார்க்கெட் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றும் பாய் சொன்னார். ஹீட் முள் திடீரென்று கீழே விழுந்தாலும் சந்தோஷப்படக் கூடாது. தண்ணீர் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சார் நனையாமல் நிற்கும். முள் பொய் சொல்லும். அப்போதும் வண்டியை நிறுத்த வேண்டியதுதான். ஆனால் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஆவி அடங்காத குக்கரை நாம் திறப்போமா?

உங்கள் வீட்டில் குட்டி யானை ஓடலாம், கார் இருக்கலாம். அடுத்த முறை அதில் மீட்டரோ விளக்கோ கூடுதலாகப் பொருத்தினால், கூலி கொடுப்பதற்கு முன் நாலே கேள்வி கேளுங்கள்: பியூஸ் எங்கே? எர்த் எங்கே? ஒயர் தகரத்தில் உராய்கிறதா? ராத்திரி வெளிச்சத்தைக் குறைக்க முடியுமா? "இந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்!" என்று எலெக்ட்ரீஷியன் விழிப்பார். விழிக்கட்டும்; வேலை ஒழுங்காக நடக்கும்.